கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் இருக்கிறது. தூரத்தில் வரும்போதே மலை கண்ணில் படும். உச்சியில் சிவன் கோவில். மலைக் குகையில் கற்கால மனிதர்கள் பாறையில் கீறிய உருவங்கள். ஒரு காலத்தில் இங்கே கோட்டையும் இருந்தது. 1760-ம் ஆண்டு ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்.

மலை மேல் கோட்டை! பார்க்க எவ்வளவு பலம்! ஆனாலும் அது கை மாறியது.

பணத்துக்கும் இதே கதைதான். "பலமான இடம்" என்று நம்பிப் போடுகிறோம். அது எவ்வளவு பலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் சென்னையில் ஒரு கம்பெனியில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். வயது அறுபது ஆகிவிட்டது. சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து கையில் 12 லட்சம் ரூபாய். மாத ஓய்வூதியம் இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் நடக்குமா? மாதம் இன்னும் ஆறாயிரம் ரூபாயாவது வேண்டும்.

அந்த 12 லட்சம் போனால் மறுபடி சம்பாதிக்க வயது இல்லை. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

திண்டிவனத்தில் இருக்கும் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

"மாமா, பாங்கியிலே போட்டுப் பணத்தை ஏன் தூங்க வைக்கிறீங்க? கார்ப்பரேட் பாண்டு பண்டுலே போடுங்க. எல்லாம் பெரிய பெரிய கம்பெனி. வட்டி கூட வரும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

மாமாவுக்கு ஆசை பிறக்கிறது. அடுப்படியிலிருந்து அத்தை கேட்கிறாள்:

"ஏண்டாப்பா, அந்தக் கம்பெனி திருப்பித் தரலைன்னா?"

சரியான கேள்வி! அதற்குப் பதில் காண்போம்.

பாண்டு என்றால் என்ன?

பாண்டு என்றால் கடன் பத்திரம். புரோநோட்டு மாதிரிதான். ஊரில் ஒருவருக்குக் கடன் கொடுத்தால் நோட்டு எழுதி வாங்குகிறோம் அல்லவா? அதுபோல ஒரு கம்பெனி, "இத்தனை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வட்டி தருகிறேன். தவணை முடிந்ததும் முதலைத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் இது.

பங்கு வேறு, பாண்டு வேறு. பங்கு வாங்கினால் கம்பெனியில் நீங்கள் ஒரு பாகஸ்தர். லாபமும் உங்களுக்கு, நட்டமும் உங்களுக்கு. பாண்டு வாங்கினால் நீங்கள் கடன் கொடுத்தவர். கம்பெனி எவ்வளவு லாபம் சம்பாதித்தாலும் பேசிய வட்டிதான் வரும். ஆனால் கம்பெனி நொடித்தால், பாகஸ்தருக்கு முன்னால் கடன்காரருக்குத்தான் பணம் தரவேண்டும்.

கார்ப்பரேட் பாண்டு பண்டு என்பது மியூச்சுவல் பண்டில் ஒரு வகை. பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டி, பல கம்பெனிகளின் கடன் பத்திரங்களை வாங்கி வைப்பார்கள். நீங்கள் போட்ட பணத்துக்கு யூனிட்டுகள் தருவார்கள். யூனிட்டின் விலையை ஒவ்வொரு வேலை நாளும் கணக்கிட்டு அறிவிப்பார்கள்.

இந்தப் பண்டுகளை மேற்பார்வை பார்ப்பது 'செபி' என்னும் பங்குப் பரிவர்த்தனை வாரியம். 2017 அக்டோபரில் அது ஒரு விதி வகுத்தது. கார்ப்பரேட் பாண்டு பண்டு என்று பெயர் வைத்தால், நூற்றுக்கு 80 ரூபாயாவது உயர்ந்த தரமுள்ள கம்பெனிப் பத்திரங்களில் இருக்கவேண்டும். அதாவது 'ஏஏ பிளஸ்' அல்லது அதற்கு மேற்பட்ட தரம்.

பத்திரத்துக்குத் தரம் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மார்க்கு போடுவது போல. மூன்று ஏ என்றால் முதல் மார்க்கு. 'டி' என்றால் பணம் கட்டத் தவறிவிட்டது என்று பொருள்.

மூன்று ஏ, 'டி' ஆன கதை

மார்க்கை மட்டும் நம்பலாமா?

ஐ.எல். அண்டு எப்.எஸ். என்று ஒரு பெரிய நிறுவனம். சாலை, பாலம் முதலியவற்றுக்குப் பணம் திரட்டியது. 2018 ஆகஸ்டு வரை அதன் பத்திரங்களுக்கு மூன்று ஏ மார்க்கு. செப்டம்பரில் கடன் தவணை தவறியது. சில வாரங்களுக்குள் மார்க்கு 'டி' என்று விழுந்தது! அதன் பத்திரங்களை வைத்திருந்த பண்டுகளின் யூனிட்டு விலையும் சரிந்தது.

ஆகவே அத்தை கேட்ட கேள்வி வீண் கேள்வி அல்ல. பெரிய கம்பெனியும் தவறும்.

ஆனால் இங்கே பண்டின் ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். இரண்டு லட்சம் ரூபாயை ஒரே கம்பெனிக்குக் கடன் கொடுத்து, அது மூழ்கினால் இரண்டு லட்சமும் போச்சு. அதே பணத்தை 50 கம்பெனிகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்த ஒரு பண்டில் போட்டிருந்தால்? ஒரு கம்பெனி அடியோடு மூழ்கினாலும் நட்டம் 4,000 ரூபாய். வலிக்கும், ஆனால் குடும்பம் மூழ்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தரம் குறைந்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்தால் வட்டி கொஞ்சம் கூட வரும். அரை சதவீதம் கூட வருகிறது என்று வையுங்கள். இரண்டு லட்சத்துக்கு வருடம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக முதலையே ஆபத்தில் வைக்கலாமா? இப்படித் தரம் குறைந்த பத்திரங்களை வாங்குவதற்கென்றே 'கிரெடிட் ரிஸ்க் பண்டு' என்று தனி வகை இருக்கிறது. பெயரிலேயே ஆபத்து இருக்கிறது! வருமானத்தை நம்பி வாழும் குடும்பம் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கதவு சாத்திய நாள்

"எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்றானே அக்காள் மகன்? அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஒரு நாள் பொய்யாயிற்று.

1993-ல் இந்தியாவின் முதல் தனியார் மியூச்சுவல் பண்டு தோன்றியது. அது பிறந்த ஊர் சென்னை. கோத்தாரி பயனியர் என்று பெயர். பின்னால் அது பிராங்ளின் டெம்பிள்டன் நிறுவனத்தோடு இணைந்தது. தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்.

2020 ஏப்ரல் 23. கொரோனா ஊரடங்கு நேரம். பிராங்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன்னுடைய ஆறு கடன் பத்திரத் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் இருந்த பணம் சுமார் 25,000 கோடி ரூபாய். போட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்.

மறுநாள் முதல் யாரும் பணம் எடுக்க முடியாது!

என்ன நடந்தது? தரம் சற்றுக் குறைந்த பத்திரங்கள் அந்தத் திட்டங்களில் நிறைய இருந்தன. பீதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டார்கள். கொடுக்கவேண்டுமானால் பத்திரங்களை விற்கவேண்டும். அந்த நேரத்தில் வாங்க ஆள் இல்லை. பெட்டியில் பத்திரம் இருக்கிறது. கையில் ரொக்கம் இல்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. "பணம் போட்டவர்களின் சம்மதம் இல்லாமல் மூடக்கூடாது" என்று 2020 அக்டோபரில் கர்நாடக ஐகோர்ட்டு கூறியது. டிசம்பரில் ஓட்டு எடுத்தார்கள். மூடுவதற்கே பெரும்பாலோர் சம்மதித்தார்கள். 2021 பிப்ரவரியில், முதல் தவணையாக 9,122 கோடி ரூபாயைப் பகிர்ந்து கொடுக்கச் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த வேலை ஸ்டேட் பாங்கியின் மியூச்சுவல் பண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு தவணை தவணையாகப் பணம் வந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், மூடிய அன்று இருந்த மதிப்பை விட அதிகமாகவே கிடைத்தது.

"அப்படியானால் என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்கலாம்.

முதல் தவணை வரவே பத்து மாதம் ஆயிற்று. மாதா மாதம் மருந்துக் கடைக்குப் பணம் வேண்டியவர் பத்து மாதம் காத்திருக்க முடியுமா? கலியாணத்துக்கு நாள் குறித்த வீடு என்ன செய்யும்? பணம் முழுகவில்லை. வேண்டிய நேரத்தில் கைக்கு வரவில்லை. அதுவும் நட்டம்தான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூடிய அந்த ஆறு திட்டங்களில் கார்ப்பரேட் பாண்டு வகைத் திட்டம் எதுவும் இல்லை. உயர்ந்த தரப் பத்திரங்களை இக்கட்டான நேரத்திலும் விற்பது எளிது. பண்டின் பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் உள்ளே இருக்கும் பத்திரங்களைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஏற்றம் இறைப்பது போல

இன்னொரு விஷயம். எந்தக் கம்பெனியும் தவறாவிட்டாலும் யூனிட்டு விலை இறங்கலாம்! அது எப்படி?

கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு முனை மேலே போனால் மறு முனை கீழே வரும். வட்டி விகிதமும் பழைய பத்திரத்தின் விலையும் அப்படித்தான்.

உங்களிடம் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இருக்கிறது. வருடம் 70 ரூபாய் வட்டி. நாளை நாட்டில் வட்டி ஏறுகிறது. புதுப் பத்திரம் 80 ரூபாய் தருகிறது. உங்கள் 70 ரூபாய்ப் பத்திரத்தை ஆயிரம் கொடுத்து யார் வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால்தான் விற்கும். வட்டி இறங்கினால் நேர்மாறு. பழைய பத்திரத்துக்குக் கிராக்கி!

2022 மே மாதத்துக்கு முன்னால் ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவீதமாக ஏறியது. அந்த நேரத்தில் கடன் பத்திர பண்டு வைத்திருந்த பலர், "என்ன இது, வருமானமே இல்லையே!" என்று திகைத்தார்கள். 2025-ல் வட்டி இறங்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. ஏற்றம் மறுபக்கம் சாய்ந்தது.

எவ்வளவு விலை இறங்கும் என்று ஒரு சுலபக் கணக்கு உண்டு. பண்டின் மாத அறிக்கையில் 'டியூரேஷன்' என்று ஒரு எண் இருக்கும். அது 3 ஆண்டு என்றால், வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது யூனிட்டு விலை சுமார் 3 சதவீதம் இறங்கும். இரண்டு லட்சத்துக்கு 6,000 ரூபாய். 7 சதவீத வட்டி என்று வைத்தால், அந்த வருடம் வட்டியாகச் சேர்வது 14,000 ரூபாய். ஆக, கையில் நிற்பது 8,000. பதறி ஓடாமல் மூன்று நான்கு ஆண்டு பொறுத்திருப்பவருக்கு, பண்டு வாங்கும் புதுப் பத்திரங்களின் கூடுதல் வட்டி அந்தப் பள்ளத்தைச் சிறுகச் சிறுக நிரப்பும்.

ஆகவே ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இங்கே போடக்கூடாது.

மாத வருமானம் என்ற மாயம்

"மாதா மாதம் டிவிடெண்டு தரும் திட்டம் இருக்கு மாமா!"

கவனம்! அந்த டிவிடெண்டுக்கு 2021 ஏப்ரல் முதல் செபி பெயரை மாற்றிவிட்டது. "வருமானப் பகிர்வும் முதல் எடுப்பும்" என்பது புதுப் பெயரின் பொருள். ஏன் மாற்றினார்கள்? கொடுக்கிற பணத்தில் உங்கள் முதலும் கலந்திருக்கலாம் என்று மக்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான். எவ்வளவு வரும், எப்போது வரும் என்று உறுதியும் இல்லை.

நல்ல வழி வேறு. வளர்ச்சித் திட்டத்தில் போட்டுவிட்டு, மாதா மாதம் இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். வரும் வட்டியை விட அதிகமாக எடுத்தால் முதல் கரையும். அதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் வரிச் சலுகை ஒன்று உண்டு. 10 லட்சம் போடுகிறீர்கள். ஒரு வருடத்தில் 10,70,000 ஆகிறது. 70,000 எடுக்கிறீர்கள். அந்த 70,000-ல் பெரும்பகுதி உங்கள் முதல். லாபம் என்று கணக்காவது சுமார் 4,580 ரூபாய்தான். அதற்குத்தான் அந்த வருடம் வரி. பாங்கி டெபாசிட்டானால் 70,000-ம் வருமானக் கணக்கில் சேரும். ஆனால் வரி தள்ளிப் போகிறதே தவிர மறைந்துவிடாது. 2023 ஏப்ரல் முதல் வாங்கிய கடன் பத்திர பண்டுகளின் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், சாதாரண வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி விதிக்கப்படும்.

அதிக வரி கட்டுகிறவர்களுக்கு இது லாபம். பெருமுக்கல் குடும்பத்துக்கு? 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. வருடம் லட்ச ரூபாய் வருமானமுள்ள வீட்டுக்கு வரியே கிடையாது. இல்லாத வரியை மிச்சப்படுத்த முடியுமா?

தராசில் வைத்துப் பார்ப்போம்

இப்போது ஒரு தட்டில் பண்டு. மறு தட்டில் பாங்கியும் தபால் ஆபீசும்.

பாங்கி டெபாசிட்டு: பேசிய வட்டி மாறாது. பாங்கி நொடித்தாலும் ஒருவருக்கு ஒரு பாங்கியில், வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்சு உண்டு. 2020 பிப்ரவரியில் அது ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. இதற்குப் பின்னால் கண்ணீர்க் கதைகள் உண்டு. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்து எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அதன் பிறகுதான் 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றியது. 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி மூடியது. அதை அடுத்து 1962-ல் டெபாசிட்டு இன்சூரன்சு வந்தது. மியூச்சுவல் பண்டுக்கு இப்படிப்பட்ட இன்சூரன்சு இல்லை.

தபால் ஆபீசு: அறுபது வயது ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025-ல் வட்டி 8.2 சதவீதம். 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. போடும் அன்று உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. அரசாங்கமே பொறுப்பு. இடையில் எடுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்.

கார்ப்பரேட் பாண்டு பண்டு: வட்டி உறுதி இல்லை. இன்சூரன்சு இல்லை. ஆனால் நல்ல பண்டில் முதல் பெருமளவு பத்திரமாக இருக்கும். தவணைக்குக் கட்டுப்படாமல் வேண்டிய அளவு எடுக்கலாம். வட்டி இறங்கும் காலத்தில் கூடுதல் லாபம் கிடைக்கலாம்.

மூன்றையும் ஒப்பிட்டால், மாத வருமானத்துக்கு எது முதல் இடம் என்று சொல்லவும் வேண்டுமா?

அத்தை போட்ட கணக்கு

அத்தை காகிதம் பென்சில் எடுத்து உட்காருகிறாள்.

மாதம் ஆறாயிரம் வேண்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 9 லட்சம். 8.2 சதவீதம் என்றால் வருடம் 73,800 ரூபாய். மாதத்துக்கு 6,150. அடுப்புக்கும் மருந்துக்கும் ஆயிற்று.

திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு லட்சம் பாங்கியில்.

மீதி இரண்டு லட்சம். பேத்தி இப்போது எட்டாவது படிக்கிறாள். நான்கு ஆண்டு கழித்துக் கல்லூரி. அந்தப் பணம் அதுவரை தேவையில்லை.

"இந்த இரண்டை வேணும்னா உங்க அக்கா மகன் சொல்ற பண்டுலே போடுங்க. ஆனா ஐந்து கேள்வி கேட்டுட்டுப் போடுங்க" என்கிறாள்.

அவள் சொல்லும் ஐந்து கேள்விகள் இவை:

ஒன்று. மூன்று ஏ பத்திரமும் அரசாங்கப் பத்திரமும் நூற்றுக்கு எவ்வளவு? அது அதிகமாக இருக்கட்டும்.

இரண்டு. டியூரேஷன் எத்தனை ஆண்டு? பணம் வேண்டிய காலத்தை விட அது நீளமாக இருக்கக்கூடாது.

மூன்று. ஒரே கம்பெனியில் அதிகப் பணம் குவிந்திருக்கிறதா?

நான்கு. வருடச் செலவு எவ்வளவு பிடிப்பார்கள்? நேரடித் திட்டம், ஏஜெண்டு மூலம் வாங்கும் திட்டம் என்று இரண்டு வகை 2013 முதல் உண்டு. நேரடியில் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. அரை சதவீதம் வித்தியாசம் என்றால் இரண்டு லட்சத்துக்கு வருடம் ஆயிரம் ரூபாய்.

ஐந்து. எடுக்கும்போது அபராதம் உண்டா?

ஐந்துக்கும் பதில் பண்டின் மாத அறிக்கையிலும் திட்ட அறிக்கையிலும் கிடைக்கும். இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாரிசுதாரர் பெயரை எழுத மறக்கக்கூடாது. பணத்தைப் பண்டின் பெயருக்குத்தான் செலுத்தவேண்டும். ஏஜெண்டு கையில் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது.

பேராசை வேறு, வருமானம் வேறு

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "பாங்கி என்ன, பண்டு என்ன? நாங்கள் மாதமே நூற்றுக்கு 25, 30 தருகிறோம்" என்று யாராவது வந்தால் வாசற்படியிலேயே நிறுத்துங்கள். 2022-ல் வெடித்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு நினைவிருக்கிறதா? ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டது என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. வட தமிழ்நாட்டில் நகை விற்றுக் கட்டியவர்களும் உண்டு.

நல்ல கம்பெனி வருடத்துக்கு ஏழு எட்டு சதவீத வட்டியில் கடன் வாங்க முடியும்போது, மாதம் முப்பது சதவீதம் கொடுப்பவன் எங்கிருந்து கொடுப்பான்? பின்னால் வருபவன் பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பான். வருகிறவன் நின்றால் எல்லாம் நிற்கும்.

அக்காள் மகன் தலையைச் சொறிகிறான். அறிக்கையைக் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறான். மறுநாள் காலை, மாமாவும் அத்தையும் முதலில் போகும் இடம் தபால் ஆபீசு.